ஐஸ் உருகும் நேரத்தில் நின்ற வேன்

முப்பது வருஷமாக வண்டிகளின் இன்ஜின் மூடியைத் திறந்துகொண்டிருக்கிறேன். திறந்ததும் எனக்குப் பசி எடுத்தது ஒரே ஒரு வண்டிக்குத்தான். அது ஒரு வெள்ளை வேன். அந்த ரக வேனில் இன்ஜின் மூக்குப் பக்கம் இருக்காது, முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி முட்டுக்கொடுத்தால்தான் முகத்தையே காட்டும். தூக்கினேன். பெட்ரோலும் ஆயிலும் மணக்க வேண்டிய இடத்தில், சூடான இரும்பின்மேல் சொட்டியிருந்த மீன்தண்ணீர் காய்ந்து பொரிந்து, பக்கத்து வீட்டில் வஞ்சிரம் வறுக்கிற மணம் குப்பென்று வந்தது. மணி பதினொன்று. காலையில் தின்ற இரண்டு இட்லி எப்போதோ காலி. "என்ன தம்பி, வண்டியைப் பாக்கறீங்களா, வாசம் புடிக்கறீங்களா?" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. வேன்காரக்கா எனக்கு அறிமுகமானது அப்படித்தான்.

எனக்கு வலங்கைமானில் சின்ன ஒர்க்‌ஷாப். அக்கா தரங்கம்பாடிக் கடற்கரைக்காரர். விடிந்ததும் கரையில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு, மாயவரம், குத்தாலம், ஆடுதுறை, கும்பகோணம் என்று ஆற்றை ஒட்டிய ரோட்டிலேயே வந்து, கடைசியில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மிச்சத்தை விற்று முடிப்பார். வேனை ஓட்டுவதும் அவரே. நாற்பது வயதில், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வேலியில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்க்க, எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவர். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் தலையில் கூடை. கூடை என்றால் சுமைகூடப் பரவாயில்லையாம்; பஸ்தான் கொடுமை. மீன்கூடையைப் பார்த்ததும் கண்டக்டர் விசிலை ஊதிவிடுவார். ஒரு தடவை பாதி வழியில், வயல்காட்டுக்கு நடுவில், நாற்றம் தாங்கவில்லை என்று நாலு பேர் சொன்னார்கள் என்பதற்காக இறக்கிவிட்டுப் போனார்களாம். "மீனு விக்காத நாள்ல அதே நாலு பேரு எங்கிட்ட வந்து, ஏன் வரலன்னு கேப்பாங்க தம்பி" என்று சொல்லிச் சிரிப்பார். அவருடைய புருஷன் வெளிநாட்டுப் படகில் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் மாமனாரும் கொழுந்தனும். வேன் வந்த பிறகு யாரும் அக்காவை எங்கேயும் இறக்கிவிட முடியவில்லை.

வேனுக்கு வந்த நோயைச் சொல்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று அணைந்துவிடும். குலுங்காது, இருமாது, யாரோ சாவியைத் திருப்பிவிட்டது மாதிரி அப்படியே அடங்கிவிடும். செல்ஃப் அடித்தால் இன்ஜின் கடகடவென்று சுற்றும், ஆனால் பிடிக்காது. அரைமணி நேரம் கழித்து அடித்தால் ஒன்றுமே நடக்காதது போல முதல் அடியிலேயே பிடித்துக்கொள்ளும். அந்த அரைமணி நேரத்தில் கும்பகோணத்து மார்க்கெட் பாதி கலைந்திருக்கும். என் ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றாலோ, அந்த வேனைப் போல ஒரு நல்ல பிள்ளை உலகத்தில் கிடையாது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டினால் ஒரு கோளாறும் காட்டாது. நான் முதலில் பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன். பிறகு பிளக்குகளை மாற்றினேன். அதற்கும் அடங்காமல் டேங்குக்குள் இருக்கிற பம்ப்பையே மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் ஒழுங்காக ஓடும், மூன்றாம் நாள் குத்தாலத்தைத் தாண்டி நடுரோட்டில் நிற்கும்.

இதில் எனக்கு எரிச்சல் மூட்டிய விஷயம் ஒன்று இருந்தது. அக்காவுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் கொழுந்தன் ஓட்டி வருவார். அவர் ஓட்டினால் வேன் நிற்பதே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. மூன்றாவது ரிப்பேருக்குப் பிறகு வண்டியை எடுத்துப் போக அவர் வந்தபோது, "எங்கிட்ட இது மக்கர் பண்றதே இல்லண்ணே, அண்ணி ஓட்டுனாத்தான்" என்றார். நான் அப்போது கை கழுவிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை தோற்ற கடுப்பு வேறு. சோப்பு நுரையோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "வண்டியில ஒண்ணும் இல்ல. கோளாறு ஓட்டுற கையிலதான் இருக்கும்." சொல்லிவிட்டுத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த வாக்கியம் எனக்கு மறந்தே போயிற்று.

பத்து நாள் இருக்கும். மதியம் விற்பனையை முடித்துவிட்டு அக்கா நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். வழக்கமாக ஒரு கவரில் நாலு சங்கரா மீனைத் தனியே எடுத்து வைத்துக் கொடுப்பார். அன்றைக்குக் கை வெறுங்கை.

"தம்பி, என் கொழுந்தங்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. மறந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அக்கா விடவில்லை.

"ஓட்டுற கையிலதான் கோளாறுன்னு சொன்னீங்களா இல்லையா?"

"ஏதோ வாய் தவறி வந்துருச்சுக்கா."

"வாய் தவறி வந்தது எங்க வீட்டுல தீர்ப்பாயிடுச்சு. மெக்கானிக்கே சொல்லிட்டாரு, இதுக்கு மேல என்ன பேச்சுங்கறாங்க. இன்னும் ஒரு தடவை நின்னுச்சுன்னா சாவி கொழுந்தங் கைக்குப் போயிடும்னு மாமா சொல்லிட்டாரு. நான் மறுபடி கூடையத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கணும்."

அழவில்லை. இன்றைக்கு நெத்திலி என்ன விலை என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். வெட்கம் என்றால் அதுவரைக்கும் எனக்குத் தெரிந்தது வேறு, அன்றைக்குத் தெரிந்தது வேறு. ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றேன். மூன்று தடவை அந்த வேனைப் பிரித்து மாட்டியவன், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்: "சரியா எப்ப நிக்குது?"

"குத்தாலம் தாண்டி" என்று எல்லாரும் சொல்வதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது: "மேல போட்ட ஐசு உருகி, மீனு கண்ணு வெளிய தெரியுமில்ல, அந்த நேரத்துல நிக்கும்." எனக்குப் புரியவில்லை. அக்கா பொறுமையாக விளக்கினார். பெட்டியில் மீனை அடுக்கி மேலே நாலு விரல் உயரத்துக்குப் பொடி ஐஸ் போடுவார்களாம். அது உருகி இறங்கி மீனின் கண் தெரிய ஆரம்பித்தால் மறுபடி ஐஸ் போட வேண்டும் என்று கணக்கு. கடிகாரமெல்லாம் பார்ப்பதில்லை, நடுவில் அரை நிமிஷம் ஓரங்கட்டிப் பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான் பழக்கம். வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறந்தால் கண் தெரிந்திருக்கிறது. "நல்ல வெயில்னா ஐசு சீக்கிரம் போவும், வண்டியும் சீக்கிரம் நிக்கும். போன வாரம் மோடம் போட்ட அன்னிக்கு ஆடுதுறை வரைக்கும் வந்துட்டேன். மழை பேஞ்ச அன்னிக்கு நிக்கவே இல்ல தம்பி."

நான் உட்காராமல் நின்றுகொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. உட்கார்ந்திருந்தால் துள்ளி விழுந்திருப்பேன். இடம் இல்லை, தூரம் இல்லை, ஓட்டுகிற கையும் இல்லை. சூடு. ஏதோ ஒரு சாமான் சூடேறினால் செத்துப்போகிறது, ஆறினால் உயிர் வருகிறது. என் ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போதெல்லாம் அது ஆறி உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. ஸ்கேனரால் சொல்ல முடியாததை ஒரு மீன் பெட்டி சொல்லிவிட்டது. "அக்கா, நாளைக்கு நான் உங்ககூட வர்றேன். அது நிக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும்" என்றேன். "நின்னா சாவி போயிடும்னு சொல்றேன், நிக்கும்போது பாக்கணுங்கறீங்க" என்றார். அதுவும் நியாயம்தான். ஆனாலும் சம்மதித்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டேன். ஏலம் முடிந்து, பெட்டிகள் ஏறி, ஏழு மணிக்குக் கிளம்பினோம். நான் மடியில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில். ஒன்று சொல்ல வேண்டும்: நான் பார்த்த டிரைவர்களில் கியரை அவ்வளவு மெத்தென்று மாற்றுகிறவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். மாயவரத்தில் மீனை இறக்க நின்ற இரண்டு நிமிஷத்தைத் தவிர எங்கும் நிற்கவில்லை. குத்தாலம் தாண்டியது. இரண்டு பக்கமும் நாற்றங்கால், நல்ல வெயில். "இப்ப கண்ணு தெரியும்" என்றார் அக்கா. சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, வேன் மூச்சை நிறுத்திவிட்டது. அக்கா அப்படியே உருட்டிக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். என் நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் இல்லை. திருடனை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டோம் என்கிற சந்தோஷத்தில்.

இறங்கி, நான் உட்கார்ந்திருந்த சீட்டைத் தூக்கி, ஒயர்களை ஆட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தன. ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நெருப்புப் பொறி வரவில்லை. பெட்ரோலும் வரவில்லை. பெட்ரோல் தனி, பொறி தனி. இரண்டும் ஒரே நொடியில் போகிறதென்றால் இரண்டுக்கும் உத்தரவு கொடுக்கிறவனிடம்தான் கோளாறு. ஸ்கேனரை மாட்டி, இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். "அக்கா, செல்ஃப் அடிங்க." அடித்தார். வேன் குலுங்குகிறது, இன்ஜின் சுற்றுகிற சத்தம் காதைப் பிளக்கிறது, திரையில் பூஜ்யம். "இன்னொரு தடவை." பூஜ்யம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஜின் கண்ணெதிரே சுற்றுகிறது, வண்டியின் கம்ப்யூட்டரோ அது சுற்றவே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் சுற்றுகிறதா, எந்த இடத்தில் சுற்றுகிறது என்று பார்த்துச் சொல்வதற்கென்றே ஒரு சாமான் உண்டு. கிராங்க் சென்சார் என்போம். கட்டைவிரல் தண்டி இருக்கும். அது வாயைத் திறக்காவிட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலும் கொடுக்காது, பொறியும் கொடுக்காது. இதன் உள்ளே இருக்கிற மெல்லிய கம்பிச் சுருள் எங்கேயோ விட்டுப்போயிருக்க வேண்டும். சூட்டில் பிரிகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது.

"அக்கா, ஒரு கவர்ல கொஞ்சம் ஐஸ் கொடுங்க." மீன் செதில் ஒட்டிய ஐஸை ஒரு பிளாஸ்டிக் கவரில் அள்ளிக் கொடுத்தார். கையை இன்ஜினுக்குப் பக்கவாட்டில் விட்டு, மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டு, அந்தக் கவரைச் சென்சாரின்மேல் அழுத்திப் பிடித்தேன். நாலு நிமிஷம். வழக்கமாக அரைமணி ஆகும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "இப்ப அடிங்க." திரையில் பூஜ்யம் மறைந்து எண்கள் ஓடின, வேன் பிடித்துக்கொண்டது. நான் எழுந்த வேகத்தில் கதவு விளிம்பில் தலையை இடித்துக்கொண்டேன், வலிக்கவில்லை. தற்செயலாக இருக்கக்கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. திருவிடைமருதூர் தாண்டி மறுபடி நின்றது. மறுபடி நாலு நிமிஷம் ஐஸ், மறுபடி பிடித்தது. அக்கா ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சத்தம்போட்டுச் சிரித்தார். மூன்று மாதம் வாய்க்குள் வைத்திருந்த சிரிப்பு அது.

"அப்ப கொழுந்தன் ஓட்டுனா ஏன் நிக்கல?" என்று அவரே கேட்டார், அவரே பதிலும் கண்டுபிடித்தார். "அட, டீ." கொழுந்தனுக்கு மாயவரத்தில் ஒரு டீ, ஆடுதுறையில் ஒரு டீ. டீ என்றால் டீ மட்டும் இல்லை. நிழலில் வண்டியை விட்டு, கதவுகளை விரியத் திறந்து போட்டு, பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்கிற டீ. சென்சார் சாகிற நேரத்துக்கு முன்னால் அது நன்றாக ஆறி எழுந்திருக்கிறது. அக்கா மீன் கெடக்கூடாது என்று தண்ணீர்கூடக் குடிக்க நிற்காமல் ஓட்டினார், அதனால் வண்டி நின்றது. கெட்ட பேரும் வந்தது.

"சென்சார் தஞ்சாவூர்ல கிடைக்கும். நாளைக்கே வாங்கி மாட்டிடறேன்" என்றேன். அக்கா தலையை ஆட்டினார். "மாட்டாதீங்க. புதுசு போட்டா, மெக்கானிக் சரி பண்ணிட்டாரு, இனிமே பொம்பள ஓட்டுனாக்கூட ஓடும்னு சொல்லுவாங்க. பழசோடயே ஒரு நாளு கொழுந்தன் ஓட்டட்டும். மாமாவ முன்னாடி உக்கார வெக்கிறேன். அவரு இருந்தா எவனும் டீ குடிக்க முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களும் வரணும். எங்க வீட்டுல போட்ட வார்த்தைய நீங்களே வந்து எடுத்துட்டுப் போகணும்" என்றார். சரி என்றேன்.

வலங்கைமானில் ஒரு ராவுத்தர் வீட்டுக் கல்யாண விருந்துக்கு அக்காவிடம் மீன் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்குள் சமையல்காரர் கையில் இருக்க வேண்டும். கல்யாண வீட்டுக்கு வீட்டுப் பெரியவர் வந்தால்தான் மரியாதை என்று, அந்தச் சாக்கில் மாமனாரையும் கிளப்பிவிட்டார். அன்றைக்கு விடிந்ததும் தரங்கம்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வானத்தைப் பார்த்தேன். ஒரே மோடம். கொழுந்தன் சட்டைக் காலரை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். பக்கத்தில் பெரியவர், கழுத்தில் துண்டு. நானும் அக்காவும் பின்னால், பெட்டிகளுக்கு நடுவில், கவிழ்த்த தட்டுகள்மேல் உட்கார்ந்துகொண்டோம். வண்டி நின்றுவிட வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்ட மெக்கானிக் இந்தப் பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மாயவரத்தில் டீக்கடையைப் பார்த்ததும் கொழுந்தன் வேகத்தைக் குறைத்தார். "மீனை வச்சுக்கிட்டு என்னடா டீ" என்றார் பெரியவர். வண்டி போய்க்கொண்டே இருந்தது. குத்தாலம் வந்தது, போனது, நிற்கவில்லை. கொழுந்தன் விசிலடிக்க ஆரம்பித்தார். நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்க்கவில்லை, பெட்டி மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு நிற்காவிட்டால் சாவி நிஜமாகவே போய்விடும். அதை நானே கூடவந்து முடித்துவைத்ததாகிவிடும். ஆடுதுறைக்கு முன்னால் மேகம் கலைந்து சுள்ளென்று ஒரு வெயில் வந்தது. அடுத்த டீக்கடையையும் பெரியவர் தாண்டவைத்தார். கொஞ்ச தூரம் போனதும் அக்கா மூடியை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு என் காதருகில், "கண்ணு தெரியுது" என்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். விசில் சத்தத்துக்கு நடுவில், குலுங்காமல், இருமாமல், வேன் நின்றது.

கொழுந்தன் செல்ஃப் அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். "அண்ணி ஓட்டி ஓட்டி வண்டியைக் கெடுத்து வச்சிருக்காங்கப்பா" என்றார். பெரியவர் அவரைப் பார்க்காமல், பின்னால் திரும்பி என்னைக் கேட்டார்: "ஏன் நின்னுச்சு?" நான் இறங்கிப் போய் அவரையும் இறங்கச் சொல்லி, அவர் உட்கார்ந்திருந்த சீட்டைத் தூக்கி, சென்சாரைக் காட்டி, ஐஸையும் டீயையும் சொல்லி முடித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா ஐஸ் கவரை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு மகனிடம், "எறங்குடா" என்றார்.

கொழுந்தன் இறங்கினார். சீட் காலியாக இருந்தது. மீனுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அக்கா ஏறவில்லை. கவரிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்ட, என்னைப் பார்த்து நின்றார். நான் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"வண்டி சொல்லிருச்சு தம்பி. நீங்க இன்னும் சொல்லல."

பஸ்கள் போகின்றன. சைக்கிளில் போகிற ஆட்கள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்க்கிறார்கள். நான் பெரியவர் முன்னால் போய் நின்றேன். "ஐயா, ஓட்டுற கையிலதான் கோளாறுன்னு நான் சொன்னது தப்பு. அவங்க ஓட்டி நான் அப்ப பார்த்ததே இல்ல."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

பொய் ஒன்றும் அகப்படவில்லை. "வண்டிக்கு என்னன்னு எனக்குத் தெரியலைங்க. தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஓட்டுறது பொம்பளைன்னதும் அவங்க மேல போட்டுட்டேன்."

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "எங்களுக்கும் அது சௌகரியமாத்தான் இருந்துச்சு" என்றார், மருமகளைப் பார்த்து. பிறகு முன் சீட்டில் ஏறக் காத்திருக்காமல், பின்னால் போய் நான் உட்கார்ந்திருந்த தட்டில், பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். அக்கா சீட்டை இறக்கினார், ஏறி உட்கார்ந்தார், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். முதல் அடியிலேயே பிடித்தது.